பளிங்குக் கட்டை

அடையாறு வெக்கையில் பிஸ்கட் மாவு இளகிக்கொண்டே இருக்கிறது. "என் பளிங்குக் கட்டையை உங்க வீட்டுல ஒரு தடவை தேடிப் பாரேன்" என்று வைதேகி நேற்று, வீட்டு வேலை செய்யும் தேசம்மாவிடம் சொன்னாள். இன்று தேசம்மா தன் வீட்டுச் சப்பாத்திக் கட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேடையில் வைத்திருக்கிறாள். நடுவில் தேய்ந்த மரக்கட்டை. மாவை இறுகவைக்க வைதேகி ஃப்ரீசரைத் திறக்கிறாள். பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில், வெண்ணெய் உருகாமலிருக்கப் போன வாரம் அவளே குளிரவைத்த பளிங்குக் கட்டை பனி பூத்துக் கிடக்கிறது. முகத்தில் குளிர் அடிக்கிறது. காது மட்டும் கொதிக்கிறது. பின்னாலிருந்து தேசம்மா எட்டிப் பார்க்கிறாள். "இங்கதான் கீதுக்கா" என்கிறாள். மாவே படாத தன் கட்டையை மறுபடி அதே துணியில் சுற்றுகிறாள். "காபி குடிக்கிறியா?" என்றுதான் வைதேகிக்கு வாயில் வருகிறது.