மாங்காய் அட்டை

பாரன்கியா நகரத் தெருவெல்லாம் மாங்காய் கூவி விற்கிற என் தொண்டைக்கு வீட்டில் பூட்டு. ஆட்டிசமுள்ள, பேச்சு வராத என் மகள் யாதிரிஸ், எட்டு நாளுக்கு முன்தான் முதன்முறையாகப் பட அட்டையைத் தந்து மாங்காய் கேட்டாள். சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சலில் மேசைக்கடியில் ஒளிந்தவள், பிறகு அட்டைகள் ஒட்டிவைத்த பலகைப் பக்கமே போகவில்லை. இன்று அதன் முன் நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்கிறது. காதைப் பொத்தி முன்னும் பின்னும் ஆடுகிறாள். "யோவ், வாயத் தொறந்தே, மாங்காயோட ஒன்னையும் சீவிருவேன்," என்று கிசுகிசுக்கிறாள் மனைவி நெல்சி. "மூச்சே விடலடி." ஒரு கை காதிலிருந்து மெல்ல இறங்கி, மாங்காய் அட்டையைப் பலகையிலிருந்து பிய்த்தெடுத்து, என் உள்ளங்கையில் வைக்கிறது. தோள் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு மாங்காய்க் கீற்றுகளைத் தட்டில் நீட்டுகிறேன். அவள் ஓடவில்லை. தட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, பலகைக்குத் திரும்பிப் போய் இன்னொரு அட்டை கொண்டுவருகிறாள். உப்பு. ஊருக்கெல்லாம் தூவி விற்கிறவன், வீட்டில் மறந்திருக்கிறேன்.