புளியமரத்தடிக் கற்கள்

ஸ்டியரிங் முழுவதும் சிவப்பாக இருந்தது.

அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். டயர் மாற்றும்போது எங்கேயோ கிழித்திருக்கும் என்று நினைத்தான். விரல் விரலாகத் தேடினான். காயம் இல்லை. எங்கும் வலிக்கவும் இல்லை.

முகர்ந்தான்.

குங்குமம்.

மினி லாரியை ஓரம் கட்டினான். ஓரம் என்று அந்த மலைச் சாலையில் அதிகம் இல்லை. பாதி வண்டி தாரின் மேலேயே நின்றது.

விடிந்திருந்தது. ஆனால் பனி விலகவில்லை. முன் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளையாக ஒன்றுமே இல்லை.

சற்று முன் வளைவில் டயர் வெடித்தபோது இதைவிடப் பனி. புளியமரத்தடியில் குனிந்து, தடவித் தடவி மூன்று கற்களை எடுத்தான். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று வண்டிக்குப் பின்னே சாலையில் வரிசையாக வைத்தான்.

எல்லா டிரைவரும் செய்வதுதான்.

டயரை மாற்றியதும் கற்களை அப்படியே விட்டுவிட்டு வந்தான். அதுவும் எல்லா டிரைவரும் செய்வதுதான்.

புளியமரத்தடிக் கற்கள். அந்த வளைவில் அடிபட்டுச் செத்தவர்களுக்கு அவரவர் வீட்டார் நட்டவை. வருடம் ஒருமுறை வந்து குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். இந்தச் சாலையில் ஓடும் எல்லோருக்கும் அது தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவை இப்போது நடுச் சாலையில் கிடக்கின்றன. ஒரு பைக் வந்தால் போதும்.

ஒருவழிப் பாதை. வண்டியைத் திருப்ப முடியாது. அவன் கதவைத் திறந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மாதம்மா போர்வையை விலக்கினாள்.

"எங்க மாமா போற?"

"அந்தக் கல்ல எடுத்துப் போட்டுட்டு வந்துர்றேன்."

"அதிசயந்தான். கல்லு வச்ச டிரைவரு திரும்பிப் போயி எடுத்தான்னு இப்பத்தான் கேக்கறேன்."

சிரித்தவள், அவன் கையைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"பின்னாடி லைட்டும் எரியல. சீட்டுக்கு அடியில செவப்பு முக்கோணம் இருக்குதே, அதயாச்சும் எடுத்து வைக்கட்டா?"

"கவரு கிழிஞ்சிரும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எப்.சி. வாங்கப் போனா புதுசாக் காட்டணும். நீ எறங்காத, குளிரு. இந்தா வந்துட்டேன்."

நடந்தான்.

எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது, கொஞ்சம் தாமதமாக.

கற்கள் இருந்தன.

தள்ளித் தள்ளி வைத்ததாக ஞாபகம். இப்போது மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. குங்குமம் பூசிய பக்கம் அவனைப் பார்த்திருந்தது.

முதல் கல்லைத் தூக்கினான். எடுத்து வந்தபோது இவ்வளவு கனமில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான்.

பிடுங்கிய இடத்தில் குழி இருந்தது. கல் அதில் சரியாக உட்கார்ந்தது.

இரண்டாவதும் உட்கார்ந்தது. மூன்றாவதும்.

கன்னத்தில் போட்டுக்கொண்டான். யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. மூன்று பேரிடமும் கேட்டான்.

நிமிரும்போது பார்த்தான்.

மூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு குழி.

தான் எடுத்தது மூன்றுதானா என்று யோசித்தான். சாலைக்கு ஓடினான். குனிந்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேடினான். கல் இல்லை.

திரும்பி வந்து குழிக்குள் கையை விட்டான். கல் கிடந்த தடம் இல்லை. எறும்பு இல்லை, வேர் இல்லை. மண் ஈரமாக, பொலபொலவென்று, அப்போதுதான் தோண்டியதுபோல் இருந்தது.

பக்கத்தில் அள்ளி வைத்த மண்கூடக் குவியலாக இருந்தது.

அப்போது பஸ் வந்தது.

முதலில் சத்தம். பிறகு மரத்தின் மேல் மஞ்சள் வெளிச்சம். அவன் எழுந்து சாலைக்கு வருவதற்குள் வளைவைத் திரும்பிவிட்டது. கற்கள் கிடந்த இடத்தை வேகம் குறையாமல் கடந்தது. தடுக்க அங்கே எதுவும் இல்லை.

இரண்டு கைகளையும் தூக்கினான்.

காற்று முகத்தில் அடித்தது. பஸ் பனிக்குள் போய்விட்டது, அவன் வண்டி நிற்கும் பக்கமாக.

அவன் ஓடவில்லை. ஓடினால் செருப்புச் சத்தத்தில் கேட்காமல் போய்விடும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிரேக் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.