தப்பான பதில் போட்டவன்

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பாப்பாவின் சட்டைகளைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே தம்பியைப் பார்த்தேன். லேப்டாப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானம் வைத்த தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

“சாப்பிட்டுட்டுப் பாருடா.”

“வேலையே போகப்போகுது. சாப்பாடு ஒண்ணுதான் குறைச்சல்.”

தம்பிக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அவன் எழுதிய புரோகிராம் சின்னக் கணக்குக்கு ஓடுகிறதாம். பெரிய கணக்கைக் கொடுத்தால் பாதியில் செத்துப்போகிறதாம். இன்றைக்கு ஆபீஸ் முடிவதற்குள் சரிசெய்யாவிட்டால் நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“அப்படி என்னதான் பண்ணுது அது?”

“இந்தப் புரோகிராம் மொழி அப்படிக்கா. கணக்கைச் சொன்ன உடனே போடாது. தேவைப்படும்போது போட்டுக்கலாம்னு குவிச்சு வெச்சுக்கும். எங்க குவியுதுன்னுதான் பிடிபடல. கடைசியில மெமரி ரொம்பி மூச்சு முட்டிடுது.”

“நான் துணியைக் குவிச்சு வெச்சு மடிக்கிற லட்சணம்தான்னு சொல்லு.”

அவன் சிரிக்கவில்லை.

அந்த மொழிக்காரர்களுக்கென்று இன்டர்நெட்டில் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் ஒரு இடம் இருக்கிறது. காலையிலேயே அங்கே கேட்டுவிட்டான். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

“அத்தானும் இதே மொழியில வேலை பார்த்தவர்தானேடா? அவரைக் கேக்க வேண்டியதுதானே.”

“கேட்டேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ரொம்ப நேரம் பார்த்தாரு. தெரியலன்னுட்டாரு. போனை எடுத்துட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு.”

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து இப்படித்தான். வாய் பேசுவதே குறைந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

“என்னங்க, அவன் தவிக்கிறான். கொஞ்சம் பக்கத்துல வந்து உட்காருங்களேன்.”

“எனக்குத் தெரியலம்மா. தெரியாத ஆளு பக்கத்துல உட்கார்ந்தா மட்டும் ஓடிடுமா?”

திரும்பி வந்து துணியை எடுத்தேன். தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“விடுக்கா. வேலையோட சேர்ந்து அவருக்கு மூளையும் போயிடுச்சு.”

“வாயை மூடு. காதுல விழப்போகுது.”

விழுந்திருக்கும். அந்தக் கதவு அவ்வளவு கெட்டியானதில்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பி நிமிர்ந்தான். “பதில் வந்திருக்கு.”

படித்தான். அப்படியே போட்டு ஓட்டினான். முகம் தொங்கிப்போனது.

“தப்பு. சுத்தத் தப்பு. இதுல திமிர் வேற. ‘இதுகூடத் தெரியாதா, இதைவிட நல்ல வழியை எவனும் காட்ட முடியாது’ன்னு எழுதியிருக்கான் பாரு.”

அப்புறம்தான் கூத்து. காலையிலிருந்து எங்கே இருந்தார்களோ தெரியவில்லை, ஆளாளுக்கு வந்து அந்தப் பதில் போட்டவனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தம்பி வாசித்துக் காட்டினான்.

“‘மத்தவங்களுக்குச் சொல்றதை நிறுத்திட்டு முதல்ல நீ படி’ங்கிறான் ஒருத்தன். ‘இவரைப் போய் இத்தனை நாள் நம்பினோமே’ங்கிறான் இன்னொருத்தன். இரு, இரு. இங்க வேற ஒருத்தன் எந்த வரியில குவியுதுன்னே காட்டியிருக்கான்.”

விரல்கள் ஓடின. பெரிய கணக்கைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் திரையையே பார்த்தோம்.

ஓடி முடிந்தது.

ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, ஆறிப்போன தட்டை இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

“அந்த இடமே அப்படித்தான்க்கா. கேள்வி கேட்டா திரும்பிப் பார்க்க மாட்டாங்க. தப்பா ஒருத்தன் பதில் சொல்லட்டும், திருத்துறதுக்கு விழுந்தடிச்சு ஓடிவருவாங்க. அதுவும் புதுசா வந்தவன் உளறினா சீந்த மாட்டாங்க. தப்பாச் சொன்ன இவன் அங்க நல்ல பேரெடுத்த ஆளு. மாட்டினா விடுவாங்களா?”

“பாவம்டா.”

“என்ன பாவம்? தலைக்கனம் பிடிச்ச முட்டாள். இனிமே அவன் பேச்சை அங்க எவன் மதிப்பான்? இந்த மூஞ்சிக்குப் படம் வேற. யாரோட காலையோ போட்டு வெச்சிருக்கான்.”

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

எனக்கு அந்த எழுத்தெல்லாம் படிக்க வராது. படம் தெரிந்தது. ஒரு சின்னக் கால். சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பாப்பா பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் எடுத்த படம்.

இந்தப் படம் போட்ட பேரைத்தான் என் வீட்டுக்காரர், வேலை கேட்டிருக்கும் புதுக் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வி பதில் இடத்தில் நீங்கள் சொன்ன பதில்களைப் பார்த்துவிட்டு நாளைக்கு முடிவு சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

கதவு திறந்தது. இவர் வந்து நின்றார்.

“ஓடிடுச்சா?” என்று தம்பியைக் கேட்டார்.

“ஓடிடுச்சு அத்தான். நீங்க கைவிட்டாலும் ஒரு முட்டாள் வந்து காப்பாத்திட்டான்.”

“நல்லதாப் போச்சு” என்றார்.

“டேய், அந்த முட்டாள் யாருன்னு தெரியுமாடா, அது உன்...”

“பாப்பா அழறா. நீ வா” என்று இவர் கூப்பிட்டார்.

போனேன். பாப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.