பின்வரிசை வலது ஓரம்

“அதை மாட்டாதே வஹீபா, உனக்குத் தலைவலி வந்துடும்” என்று சொல்லி, அவள் கையிலிருந்த ஹெட்போனை வாங்கி ஸ்டூடியோ மேசைமேல் வைத்தார் லுத்ஃபி.

அல்ஜீரியாவின் திலிம்சான் நகரத்து இசைக்குழு ஒன்றுக்கு அவர்தான் உஸ்தாத், தலைமை ஆசான். வஹீபா அவர் மனைவி. கல்யாணமான வருஷத்திலிருந்து பின்வரிசை வலது ஓரத்தில் உட்கார்ந்து, அந்த ஊர் வழக்கப்படி வயலினை முழங்காலில் நிறுத்தி வாசிக்கிறவள்.

குழுவின் புதுப் பாட்டுகளை ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் திசையிலிருந்து கேட்கும் ஸ்பேஷியல் ஆடியோவில்தான் வெளியிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவள்தான். அதற்காக ஒலிப்பதிவாளன் நஸீமைத் தேடிப் பிடித்து வந்ததும் அவள்தான்.

“சனங்க காருல கேக்குறாங்க, வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேக்குறாங்க. அவங்களுக்கு எதுக்கு நாலு பக்கமும் சுத்தி வர்ற சத்தம்?” என்றார் லுத்ஃபி. “எல்லாரும் கலந்து ஒரே குரலா வர்றதுதான் நம்ம சங்கீதம். அதைப் பிச்சுப் பிச்சு வைக்கணுமா?”

“பிச்சு வைக்கட்டுமே. யார் எங்க உக்காந்து வாசிக்கிறாங்கன்னு சனங்களுக்குத் தெரியட்டும். எத்தனை நாளைக்கு நான் கூட்டத்துல கோவிந்தா போடறது?”

மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த நஸீம் சிரிப்பை அடக்கிக்கொண்டான். லுத்ஃபி சிரிக்கவில்லை.

அவர் இப்படி முரண்டு பிடிப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. அவளுடைய வாசிப்பு என்றால் உயிரை விடுகிற மனுஷன். இத்தனை வருஷமும் பதிவு நாளில் மற்றவர்களின் மைக்கைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அவள் நாற்காலிக்கு மட்டும் தானே வந்து, குனிந்து, ஒயரைச் சரிபார்த்துவிட்டுப் போவார். அதைப் பார்த்து மற்றவர்கள் கண்ணடித்துக்கொள்வார்கள்.

வஹீபா ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். “போடு தம்பி.”

பாட்டு தொடங்கியதும் ஸ்டூடியோவின் சுவர்கள் விலகிப் போயின. இடப்பக்கம் ஊது என்ற நரம்பு வாத்தியம், அதற்குப் பின்னால் மாண்டலின், நட்டநடுவில் லுத்ஃபி வில்லிட்டு வாசிக்கும் ரபாப். தர்புக்கா மேளம் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து தட்டியது. அவள் திரும்பியே பார்த்துவிட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு வலது ஓரத்துக்குக் காத்திருந்தாள். அவளுடைய வயலின் சேரும் இடம் வந்தது.

அங்கே யாருமே இல்லை.

இன்னொரு முறை போடச் சொன்னாள். எங்கோ தூரத்தில், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, அவளுடைய வில்லின் ஓசை மெலிதாகக் கசிந்தது. அவ்வளவுதான். வலது ஓரம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

ஹெட்போனைக் கழற்றி வீசினாள். “என்னைத் தூக்கிட்டியா நஸீம்?”

“ஐயோ, இல்லக்கா...”

“நோன்பு முழுக்க என் வீட்டுல ஹரீரா சூப் குடிச்சியேடா! உனக்காக இவர்கிட்ட எத்தனை சண்டை போட்டிருப்பேன்? உனக்கு யாரு சொன்னா? முன்வரிசைக்காரங்களா? பொம்பளை வாசிச்சா மட்டம்னு சொன்னாங்களா?”

“சத்தியமா இல்லக்கா. நான் எதையும் அழிக்கல. உங்க மைக்குல எதுவுமே பதியல, இப்ப கேட்டது பக்கத்து மைக்குல கசிஞ்சதுதான். ஒயர் கழண்டு கெடந்துச்சு.” அவன் அவளைப் பார்க்கவில்லை. உஸ்தாதைப் பார்த்தான்.

“கழண்டா மாட்ட வேண்டியது உன் வேலை! நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியே! இனிமே என் வாசப்படி மிதிக்காதே.”

“அவனைத் திட்டாதே” என்றார் லுத்ஃபி. “கழட்டிவிட்டது நான்.”

அவளுக்கு முதலில் அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. லுத்ஃபி தரையைப் பார்த்தபடியே பேசினார். “சுருதி நிக்கலை வஹீபா. உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

நஸீம் மெல்ல எழுந்து வெளியே போய்விட்டான்.

வஹீபா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். எழுந்து நின்றபோது முதுகு நிமிர்ந்திருந்தது.

“சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன்” என்றாள். “வயசாச்சு, கை தளர்ந்துபோச்சு, ஒத்துக்கறேன். இந்த ஒண்ணுல நான் இல்லாட்டிப் போறேன். ஊரே கேக்குற பழைய பாட்டெல்லாம் இருக்கே, அத்தனையிலயும் நான் இருக்கேன்ல? எனக்கு அது போதும்.”

லுத்ஃபி அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

“அதுலயும் நீ இல்ல, வஹீபா.”