எர்ட்மன் வரைந்த ஈ

"நீ வரைஞ்ச ஈயால அந்தச் சீமாட்டிக்கு மானமே போச்சு, தெரியுமா?"

மேற்பார்வையாளர் வெண்ட்லர் எழுந்து நின்று, மேசைமேல் இரண்டு துண்டாகக் கிடந்த தட்டைக் காட்டினார்.

எர்ட்மன் குனிந்து பார்த்தார். ஜெர்மனியில், துரிங்கியக் காட்டோரத்துப் பீங்கான் ஆலையில் இருபத்தாறு வருஷமாகப் பூ வரைகிறவர். அவர் ரோஜா வரைந்தால் ஜனங்கள் மூக்கைக் கிட்டே கொண்டுபோவார்கள். ஒரே ஒரு குறை. சில தட்டுகளில் பூவுக்குப் பக்கத்தில், சம்பந்தமே இல்லாமல், ஒரு ஈயை உட்கார வைத்துவிடுவார்.

"என்ன நடந்துச்சுங்க?"

"விருந்து. பக்கத்துல பாதிரியார். கேக்கை எடுத்தா தட்டுல ஈ. அந்தம்மா விசிறியால ஓங்கி ஒரு அடி. ஈ அசையல. இன்னொரு அடி. தட்டும் ரெண்டு, ஈயும் ரெண்டு. பாதிரியார் சிரிச்ச சிரிப்புல காப்பி மூக்கு வழியா வந்துச்சாம்."

"அவ்வளவு தத்ரூபமாவா இருந்துச்சு?" என்றார் எர்ட்மன், கொஞ்சம் பெருமையாக.

"வாயை மூடு. தலைமை ஓவியர் பதவிக்கு மூணு தடவை உன் பேரு வந்துச்சு. மூணு தடவையும் நான்தான் பேரை அடிச்சுட்டேன். எல்லாம் இந்த ஈயாலதான். இது நாலாவது தடவை. இனிமே ஈ வரைய மாட்டேன்னு எழுதிக் குடு, பதவி உனக்கு. முடியாதுன்னா வீட்டுக்குப் போ."

எர்ட்மன் யோசித்தார். வீட்டில் மனைவி, 'தலைமை ஓவியர் பெண்டாட்டி' என்று ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"எழுத முடியாதுங்க. தேவைப்பட்டா வரைஞ்சுதான் ஆகணும்."

"ஈ யாருக்குய்யா தேவை?"



கடுப்பில் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் வெண்ட்லர். உடைந்த விளிம்பில், பாதி ஈக்கு நேர் கீழே, வெள்ளைக்குள் ஒரு கரும்புள்ளி. மண்ணோடு கலந்த இரும்புத் துகள் சூளையில் கறுத்தால் இப்படித்தான் இருக்கும்.

"ஓஹோ. பழுதை மறைக்கத்தான் ஈயா?"

எர்ட்மன் தலையாட்டினார்.

"புள்ளி விழுந்த தட்டு கழிவுக்குப் போகணும். அதை வனைஞ்சவன் வெளியே போகணும். அதானே இங்க சட்டம்? மண்ணை ஒழுங்கா சலிக்காத அந்தச் சோம்பேறி எவன்?"

"ரொம்பப் பழைய தட்டுங்க. விட்டுருங்க."

"எப்படி விடுறது? நானும் பதினாலு வருஷம் தட்டு வனைஞ்சவன்தான். ஒண்ணுகூடக் கழிவுக்குப் போனதில்ல. அதுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டு இந்த நாற்காலியைக் குடுத்தாங்க."

எர்ட்மன் சட்டென்று கைநீட்டித் துண்டை வாங்கப் பார்த்தார். வெண்ட்லர் தரவில்லை. ஒவ்வொரு தட்டின் அடியிலும் வனைந்தவரின் எண் குத்தியிருக்கும். திருப்பினார்.

பதினொன்று.

வெண்ட்லரின் எண்.

மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன்யா, அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அந்த வருஷம்தான் உங்களுக்கு மூணாவது குழந்தை பொறந்துச்சு. சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

வெண்ட்லர் துண்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு பதவிக்கான தாளை இழுத்து, எர்ட்மன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என் தட்டுல மட்டும் எத்தனை ஈ இருக்கும்?"

"நாப்பது, அம்பது இருக்கும்." எர்ட்மன் தயங்கினார். "வண்ணத்துப்பூச்சியைச் சேர்க்காம."