ஒற்றைக் கம்மல்

"டிரைவரை எழுப்புங்கப்பா! முட்டுக்காட்டுல போட்டிங் போகணும், அப்புறம் மெரினா. திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு யாரு போறது?"

மாமல்லபுரம் கடற்கரையில் நின்று பூபதி கத்தினார். ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நாலு குடும்பங்களைச் சேர்த்து, வேன் பேசி, சனிக்கிழமை ராத்திரி கிளப்பிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

டிரைவர் திம்மப்பன் வேனுக்குள் சீட்டில் சுருண்டு கிடந்தார்.

"நேத்து பகல் பூரா கம்பெனி டிரிப் ஓட்டினவரு, ராத்திரியும் ஓட்டியிருக்காரு. கொஞ்சம் தூங்கட்டுமேங்க" என்றாள் பூபதியின் மனைவி பொற்கொடி.

"தூங்குறதுக்கா வாடகை கொடுக்கிறோம்? ஓனருக்கு ஒரு போன் போட்டா தானா எழுந்திருப்பான்."

பூபதி செல்போனை எடுத்தார்.

"ஐயையோ, என் கம்மல்!"

பொற்கொடி இடது காதைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்போன் சட்டைப்பைக்கே திரும்பிப் போனது. எல்லோரும் குனிந்து தேடினார்கள்.

"தங்கத்தைப் போட்டுக்கிட்டு யாராவது கடலுக்கு வருவாங்களா அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு சத்யப்ரியா.

"புத்தி இல்லைம்மா எனக்கு."

"எந்த இடத்துல விழுந்துச்சு?"

"இங்கேதான். இல்லை... அந்தப் படகுக்கிட்ட நின்னேனே, அங்கேயா இருக்கும்."

படகைச் சுற்றித் தேடினார்கள். பிறகு சுண்டல் வாங்கிய இடத்தில். பிறகு மறுபடியும் முதல் இடத்தில்.

சத்யப்ரியாவின் கணவன் ஜெகதீஷ் பஜ்ஜிக்கடையில் ஒரு சல்லடை கேட்டு வாங்கி வந்தான்.

"அண்ணே, வங்காள விரிகுடாவையே சலிக்க வைக்கிறாங்க உங்க வீட்டம்மா!"

"வாயை மூடிக்கிட்டுச் சலிடா."

வெயில் ஏறியது. பிள்ளைகள் மறுபடியும் அலைக்குள் இறங்கிவிட்டன. பெரியவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இந்த அக்காவே இப்படித்தான்" என்று சத்யப்ரியா முணுமுணுத்தாள். "விடியக்காலையில எல்லாரும் அசந்து தூங்குறோம். வேன் ஏதோ பள்ளத்துல குலுங்கினதுக்கு, 'முருகா முருகா'ன்னு அலறி எழுப்பிவிட்டாங்க. பக்திக்கும் ஒரு நேரங்காலம் வேணாமா?"

பொற்கொடி காதில் அது விழாமல் இல்லை. குனிந்த தலை நிமிராமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயிலில் திம்மப்பன் முகத்தைத் துண்டால் துடைத்தபடி வந்தார்.

"ஹொரடோணவா சார்? கிளம்பலாமா? யாரும் எழுப்பவே இல்லையே, நல்லாத் தூங்கிட்டேன்!"

பொற்கொடி சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"போகட்டும் விடுங்க. கடலுக்குக் காணிக்கை போட்டதா நினைச்சுக்கிறேன்."

பூபதி கோபத்தில் வேன் கதவை அறைந்து சாத்தினார். போட்டிங் போச்சு. மெரினா போச்சு. இனி நேரே ஓசூர்தான்.

வேலூர் தாண்டியபோது வேனில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். சத்யப்ரியாவுக்கு வெயிலில் அலைந்த தலைவலி.

"இரும்மா, திருநீறு பூசிவிடறேன்" என்று பொற்கொடி பர்ஸிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

திருநீற்றோடு கம்மலும் இருந்தது.

"அக்கா! இது..."

"மெல்லப் பேசும்மா. உங்கண்ணன் காதுல விழுந்தா ஓனருக்குப் போன் போட்டுடுவாரு. ஒரு மனுஷனுக்கு வேலை போயிடும்."

"யாருக்கு?"

பொற்கொடி முன்சீட்டைப் பார்த்தாள். திம்மப்பன் தெளிவாகக் கண்ணை விழித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

சத்யப்ரியாவின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே சொன்னாள்:

"விடியக்காலையில நான் அலறி எழுப்பினது உங்களை இல்லைம்மா."