மூக்கைத் தூக்கிய கேரவன்

“ஏம்ப்பா, உங்க கேரவன் என்ன, ஆகாசத்துக்குக் கிளம்புதா?”

டார்சி தன் இடத்தில் நின்றபடியே கத்தினார். ஆஸ்திரேலியாவின் செடுனா ஊர்ப் பயணிகள் முகாமில், எதிரே காருக்குப் பின்னால் மாட்டியபடி நின்ற கேரவன் வீடு, மூக்கை அப்படித் தூக்கிக்கொண்டிருந்தது.

அதன் சொந்தக்காரர் நெவில். எழுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. மடக்கு நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

“ஏங்க, ஏதாவது தப்பா?”

“தப்பாவா? இப்படியே நாளைக்கு ரோட்டுல ஏறுங்க. எதிர்ல ஒரு பெரிய லாரி காத்தடிச்சிட்டுப் போனா போதும், வால் ஆட ஆரம்பிச்சிரும். காரையும் சேத்துப் புரட்டிட்டுத்தான் நிக்கும். பாரம் பூரா பின்னால போயிருச்சு, பாருங்க!”

“அப்படியா?”

அந்த ‘அப்படியா’ டார்சிக்கு வெல்லமாக இனித்தது.

துறைமுகத் தொழிற்சங்கத்தில் மைக் பிடித்த மனிதர். வேலைநிறுத்தம் நடத்தி ஜெயிலுக்குப் போனவர். இன்று சங்கக் கட்டடத்தில் அவர் படத்தைக்கூடக் கழற்றிவிட்டார்கள். மனைவி போன பிறகு ஊர் ஊராகக் கேரவனோடு சுற்றுகிறார். அவர் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்து எத்தனையோ நாளாகிறது.

டேப்போடு வந்தார். காரைக் கழற்றினார். கேரவனை மட்டமாக நிறுத்தி, அதன் கொண்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று அளந்தார். பிறகு அந்தக் கொண்டி வந்து உட்கார, காரின் பின்னால் இருந்த இழுவைக் குண்டின் உயரத்தை அளந்தார். ஒரு சாண் வித்தியாசம்.

“தோழரே, குண்டு உக்கார்ற இந்த வளைஞ்ச இரும்பு தலைகீழா இருக்கு! குண்டு கீழ இறங்கணும். மேல ஏத்தி வெச்சிருக்கு. எந்த மடையன் மாட்டினான்?”

“நான்தான்.”

டார்சி வாய்விட்டுச் சிரித்தார். “தெரியாதது குத்தமில்ல. கேக்காம இருக்கறதுதான் குத்தம். முதலாளி நம்மள அப்படித்தானே வெச்சிருந்தான்?”

“அப்படியா?”

இரும்பைப் பிடித்திருந்த பின்னை உருவி, அதைத் திருப்பி மாட்டி, காரைச் சேர்த்தார்கள். கேரவன் மேசை மாதிரி மட்டமாக நின்றது. நெவில் டீ போட்டார். இருட்டும் வரை டார்சி பேசினார். கப்பல்கள், போலீஸ், காட்டிக்கொடுத்தவர்கள். நெவில் ஒன்றைக்கூட இடைமறிக்கவில்லை.

மேற்கே போக ஒரே சாலைதான். மறுநாள் டார்சி முந்திப் போய் யூக்லா முகாமில் இடம் பிடித்துவிட்டார். மாலையில் ஜன்னல் வழியே பார்த்தால், நெவில் வந்துகொண்டிருந்தார். கேரவனின் மட்டம் துளி பிசகவில்லை.

‘யார் கை வெச்சது!’

பெருமையாகக் கதவைத் திறக்கப் போனவர், அப்படியே நின்றார்.

நெவில் காரைக் கழற்றினார். பின்னை உருவினார். பழகிய கை, ஒரு தடுமாற்றம் இல்லை. இரும்பைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி காரை மாட்டினார். கேரவன் மூக்கைத் தூக்கியது.

நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டார். பக்கத்தில் இன்னொன்றை விரித்தார். உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்சிக்கு ரத்தம் கொதித்தது. ‘திருட்டுக் கிழவன்! என்னையே முட்டாளாக்கிட்டான்! நாலு பேர் முன்னால நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன் பாரு!’

படியிறங்குவதற்குள் வேறு குரல் கேட்டது.

“ஐயா, உங்க வண்டி இப்படி மூக்கத் தூக்கிட்டு நிக்கக் கூடாதே!” யாரோ ஒரு பெண். பின்னாலேயே அவள் கணவன், கையில் டேப்போடு.

“அப்படியா?” என்றார் நெவில். கிழவர் முகத்தில் வெளிச்சம் ஏறியது. இரண்டாவது நாற்காலி நிரம்பியது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம்.

டார்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பித் தன் கேரவனைப் பார்த்தார். துல்லியமான மட்டம். வாங்கிய நாளிலிருந்து ஒருத்தன் வந்து குறை சொன்னதில்லை.

ஒருத்தன் வந்ததே இல்லை.

விடிந்ததும் பல் துலக்கிக்கொண்டே நெவில் டார்சியின் கேரவன் பக்கம் வந்தார். நின்றார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டார்சியின் முகத்தையும் ஒரு கணம் பார்த்தார்.

“என்ன தோழரே, உங்க கேரவன் ஆகாசத்துக்குக் கிளம்புதா? இரும்பு தலைகீழா இருக்கே!”

டார்சி இரண்டாவது நாற்காலியை விரித்துப் போட்டார்.

“அப்படியா?” என்றார்.